ஸ்னோமொபைல் ஸ்கி சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பந்தய ஸ்னோமொபைல் வைத்திருப்பவர்கள், வண்டியின் முன்னால் சறுக்கித் திசை திருப்பும் பலகையான ஸ்கியைப் பற்றிச் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நேரா போக மாட்டேங்குது", "திருப்பினா திரும்ப மாட்டேங்குது", "ரெண்டு சுற்றுக்குள்ள கை விட்டுப்போச்சு". உடனே கை போவது புது ஸ்கி விற்கும் கடைப் பக்கம். அங்கே போவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். கல்மாதிரி இறுகிய பனிப்பாதையில் என் வண்டி இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஓடியது. கடையில் கேட்டேன், ஸ்கி பழசு என்றார்கள். புது ஜோடி வாங்கி மாட்டினேன். முதல் கிலோமீட்டரிலேயே அதே வெட்டல். கடைசியில் பார்த்தால், ஹேண்டிலின் திருப்பலை ஸ்கிக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடின் இடது முனையில் ஆட்டம். விரலால் பிடித்து ஆட்டினாலே 'டக் டக்' என்று சத்தம் வந்தது. ஸ்கி விலையோடு ஒப்பிட்டால் அந்த முனையின் விலை ஒன்றுமே இல்லை. அதனால்தான் கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத வேலையை முதலில் வைத்திருக்கிறேன்.

முதலில் சில பெயர்கள். ஸ்கியின் அடியில் நீளவாக்கில் ஓடும் மேடு கீல். அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கம்பி ரன்னர். ரன்னரின் அடியில், நடுப்பகுதியில் பற்றவைத்திருக்கும் கூரான துண்டு கார்பைடு. டங்ஸ்டன் கார்பைடு என்பதால் பனிக்கட்டியையும் கீறும், கல்லில் மோதினால் உடைந்தும் போகும். ஸ்கியைத் தாங்கி நிற்கும் கால் ஸ்பிண்டில். ஸ்பிண்டிலுக்கும் ஸ்கிக்கும் நடுவே ஒரு ரப்பர் கட்டை இருக்கும். வண்டியில் யாரும் கவனிக்காத பொருள் அது, ஆனால் நிறைய தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வண்டியின் அடியில் சுழன்று அதைத் தள்ளும் அகலமான பட்டைதான் டிராக். அதற்குள் இருக்கும் சஸ்பென்ஷனின் முன்பக்க ஷாக்கை நடு ஷாக் என்பார்கள். அந்த முன்பகுதி எவ்வளவு கீழே இறங்கலாம் என்று பிடித்து வைத்திருக்கும் பட்டை லிமிட்டர் ஸ்ட்ராப்.

இந்த வண்டி பனியைத் தொடுவது மூன்றே இடத்தில்: இரண்டு ஸ்கி, ஒரு டிராக். ஓட்டுகிறவரின் எடையும் வண்டியின் எடையும் இந்த மூன்றுக்கும் பங்காகப் பிரிகிறது. ஸ்கிக்குப் பங்கு கூடினால் பிடி கூடும், ஸ்டீயரிங் கனக்கும். குறைந்தால் முன்பக்கம் மிதக்கும். எந்த அறிகுறியைப் பார்த்தாலும் ஸ்கி எவ்வளவு அழுத்துகிறது, தன் நீளத்தில் எந்த இடத்தில் அழுத்துகிறது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்: ஆட்டமும் அலைன்மென்ட்டும்

வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஒரு ஸ்கியின் முன்நுனியையும் பின்நுனியையும் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள், அப்புறம் மேலும் கீழுமாக. டை ராட் முனை, பால் ஜாயின்ட், ஸ்பிண்டில் புஷ், ஸ்கி போல்ட் என்று ஒவ்வொன்றின் மேலும் மறு கையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். லூஸாக இருப்பதை மாற்றாமல் அலைன்மென்ட் பார்ப்பது வீண் வேலை. இன்றைக்கு அளந்த அளவு நாளைக்கு இருக்காது.

இனி அளவு. வண்டியைத் தரையில் இறக்கி, ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். இரண்டு ஸ்கியின் நுனிகளையும் ஒரு ரப்பர் கயிற்றால் சுற்றி உள்பக்கம் இழுத்து மாட்டுங்கள். மிச்சமிருக்கும் சின்னச் சின்ன ஆட்டமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும், அளவு மாறாது. நீளமான அலுமினியப் பட்டை ஒன்றை டிராக்கின் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, அது ஸ்கியைத் தாண்டிப் போகும்படி நீட்டுங்கள். பட்டையிலிருந்து ரன்னருக்கு எவ்வளவு தூரம் என்று, ஸ்கி போல்ட்டுக்கு முன்னால் ஓரிடத்திலும் பின்னால் அதே தூரத்தில் ஓரிடத்திலும் அளவெடுங்கள். ஸ்கியின் விளிம்பை வைத்து அளக்க வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்கி வளைந்திருக்கலாம், பனியைக் கீறித் திசை காட்டுவது ரன்னர்தான்.

முன்பக்க அளவு பின்பக்க அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அதாவது ஸ்கி நுனிகள் லேசாக வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். இதைத்தான் டோ அவுட் என்கிறோம். இரண்டு பக்கமும் சேர்த்து 3 முதல் 6 மி.மீ. வரை என்பது பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்து, முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தால் ஹேண்டில்பார் கோணலாக நிற்கும். நுனிகள் உள்நோக்கி இருக்கவே கூடாது. அப்படி இருந்தால் இரண்டு ஸ்கியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே ஓடும், வண்டி நிலைகொள்ளாது, கார்பைடும் சீக்கிரம் தேயும்.

அறிகுறி: நேர்ப்பாதையில் வண்டி தானாக இடவலம் வெட்டுகிறது

ஆட்டம் இல்லை, டோ அவுட் சரி. இன்னமும் வெட்டுகிறதா? பாதையை ஒருமுறை குனிந்து பாருங்கள். முன்னால் போன வண்டிகளின் கார்பைடுகள் கத்தியால் கீறியதுபோல் கோடு கோடாகப் பள்ளம் போட்டிருக்கும். உங்கள் கார்பைடு ஒரு கோட்டில் விழுந்து கொஞ்ச தூரம் அதன் வழியே ஓடும், அப்புறம் அடுத்த கோட்டுக்குத் தாவும். வெட்டல் என்று நமக்குத் தெரிவது இந்தத் தாவல்தான்.

ஸ்கி தன் நீளத்தில் எங்கே அழுத்துகிறது என்பது இங்கே ரொம்ப முக்கியம். வண்டியைச் சாய்த்து ரன்னரின் அடியைப் பாருங்கள். கார்பைடின் முன்முனை மழுங்கி, பின்முனை புதுசு மாதிரி கூராக இருக்கிறதா? அப்படியானால் ஸ்கி மூக்கை ஊன்றிக்கொண்டு ஓடுகிறது. மூக்கு எந்தக் கோட்டில் விழுகிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். தேய்மானம் நடுவிலோ, நடுவுக்குச் சற்றுப் பின்னாலோ இருந்தால் நல்லது. பார்த்துச் சொல்ல முடியாவிட்டால், அடியில் முழு நீளத்துக்கும் கறுப்பு மார்க்கர் பூசிவிட்டு இறுகிய பனியில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டி வாருங்கள். மை எங்கே முதலில் அழிந்ததோ அங்கேதான் எடை விழுகிறது.

மூக்கு ஊன்றினால் ரப்பர் கட்டையைக் கவனியுங்கள். கிழிந்து நசுங்கியிருந்தால் புதுசு போடுங்கள். நன்றாக இருந்தும் மூக்கு ஊன்றுகிறது என்றால், கட்டையின் பின்பாதிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகலாம். எடை பின்னால் நகர்ந்து நுனி லேசாகிவிடும். இதற்கென்றே செருகுதகடு செட்டுகள் விற்கிறார்கள். மெல்லியதில் ஆரம்பியுங்கள். தகடு தடிமனானால் ஸ்கி நுனி எப்போதும் மேலே நிமிர்ந்தே நிற்கும், மேடுபள்ளத்தில் அது ஆபத்து.

அதற்கும் அடங்காவிட்டால் ரன்னரை மாற்றிப் பார்க்கலாம். ஒற்றைக் கூர் ரன்னருக்குப் பதிலாக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்பைடு வரிசை உள்ள இரட்டை ரன்னர்கள் கிடைக்கின்றன. ஒரு வரிசை பழைய கோட்டில் விழுந்தாலும் மற்றது விழாது, அதனால் வெட்டல் நன்றாகக் குறையும். பதிலுக்கு ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும். நீண்ட கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கு இந்தப் பேரம் எனக்குச் சம்மதம். மேடுபள்ளமான சுற்றுப்பாதையில் நடக்கும் ஸ்னோகிராஸ் பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றிலும் வரும் குறுகிய திருப்பங்களுக்கு எனக்கு ஒற்றைக் கூர்தான் பிடிக்கும்.

இன்னொன்று, ஸ்கி மேல் மொத்த அழுத்தமே அதிகமாக இருந்தாலும் வெட்டும். லிமிட்டர் ஸ்ட்ராப்பை ஒரு துளை தளர்த்தி ஓட்டிப் பாருங்கள், அல்லது நடு ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகிறது

இதற்கு ஒரு சின்னச் சோதனை. ஒரே திருப்பத்தில் இரண்டு முறை போங்கள். முதல் முறை த்ராட்டிலை முழுக்க விட்டுவிட்டுத் திரும்புங்கள். அடுத்த முறை, திருப்பத்தின் பாதியில் த்ராட்டிலைக் கொடுங்கள்.

த்ராட்டில் இல்லாதபோதே தள்ளினால் பிடி இல்லை என்று அர்த்தம். கார்பைடைத் தடவிப் பாருங்கள். கூர் மழுங்கி உருண்டையாகியிருக்கும். கார்பைடு நன்றாக இருந்தும் ரன்னர் கம்பி பாதி தேய்ந்திருந்தால் அதையும் மாற்றவேண்டியதுதான். இரண்டும் நன்றாக இருக்கிறதென்றால் டிராக்கைப் பாருங்கள். டிராக்கில் ஸ்டட் (பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கும் ஆணி) நிறைய அடித்து, ஸ்கியில் சின்னக் கார்பைடு வைத்தால் பின்பக்கம் முன்பக்கத்தை ஜெயித்துவிடும். டிராக் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ ஸ்கி அந்தப் பக்கம் சறுக்கும். ஸ்டட்டைக் கூட்டினால் கார்பைடின் நீளத்தையும் கூட்டுங்கள். கடைகளில் 4, 6, 8, 10 அங்குலம் என்று கிடைக்கும். ஒரே தாவலில் பெரிய அளவுக்குப் போக வேண்டாம், ஒரு படி ஏற்றிப் பாருங்கள்.

த்ராட்டில் கொடுத்த பிறகுதான் தள்ளுகிறது என்றால் கார்பைடின் மேல் குற்றமில்லை. வேகம் எடுக்கும்போது எடை பின்னால் சரிகிறது, ஸ்கி லேசாகிறது, அவ்வளவுதான். லிமிட்டர் ஸ்ட்ராப்பை ஒரு துளை இறுக்குங்கள். டிராக்கின் முன்பகுதி மேலே போய் எடை ஸ்கிக்கு வரும். நடு ஷாக்கின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலும் அதே பலன்தான். பின் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி பின்னால் உட்கார்ந்திருக்கிறதா என்பதை இன்னொருவரை வைத்துப் பாருங்கள். நீங்கள் பந்தய உடையோடு ஏறி உட்கார வேண்டும், அவர் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். டிராக் சஸ்பென்ஷனின் முன்பகுதியையும் பின்பகுதியையும் சேர்ந்து இயங்க வைக்கும் கப்ளர் உள்ள வண்டியில் அதையும் ஒரு படி இறுக்கலாம்.

இளகிய பனியில் மட்டும் தள்ளுகிறது, கட்டிப் பனியில் இல்லை என்றால் கார்பைடுக்கு அங்கே வேலையே இல்லை. இளகிய பனியில் திருப்புவது கீல்தான். ஆழமான கீல் உள்ள ஸ்கி தேவை. புது ஸ்கி வாங்க நியாயமான காரணம் என்றால் இதைச் சொல்வேன்.

அறிகுறி: திருப்பத்தில் உள்பக்க ஸ்கி தூக்குகிறது

கொஞ்சம் தூக்கினால் பயப்பட வேண்டாம். ஓட்டுகிறவர் உடம்பை உள்பக்கம் சாய்த்தாலே பாதி அடங்கும். சாய்த்தும் தூக்கினால் முன்பக்கத்துக்குப் பிடி அளவுக்கு மீறியிருக்கிறது. வெளிப்பக்க ஸ்கி பனியைக் கவ்விக்கொள்ள, வண்டி அதன் மேல் கவிழப் பார்க்கிறது. ஸ்கி ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். லிமிட்டரைத் தளர்த்திப் பாருங்கள். போதாவிட்டால் கார்பைடை ஒரு படி சின்னதாக்குங்கள். வண்டியில் ஸ்கிகளின் இடைவெளியைக் கூட்ட வசதி இருந்தால் அதுவும் உதவும்.

இரண்டு ஸ்கியின் சஸ்பென்ஷனையும் இணைத்து வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியான ஸ்வே பார் பற்றி ஒரு வார்த்தை. மேடுபள்ளத்தில் இரண்டு ஸ்கியும் தனித்தனியாக ஏறி இறங்கட்டும் என்று ஸ்னோகிராஸில் சிலர் அதைக் கழற்றிவிடுவார்கள். வாங்கிய பழைய பந்தய வண்டி திருப்பத்தில் சாய்கிறது என்றால், அது இருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள்.

அறிகுறி: ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, முன்கை இறுகிப்போகிறது

முன்பக்கத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலைத் திருப்புங்கள். காற்றிலேயே கனமாக இருந்தால் எங்கோ புஷ் துருப்பிடித்திருக்கிறது, கிரீஸ் இல்லை, அல்லது ஏதோ ஒரு போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றிப் பாருங்கள். காற்றில் லேசாக இருந்து பனியில் மட்டும் கனத்தால் கார்பைடு நீளம் அல்லது ஸ்கி அழுத்தம் அதிகம். கையை இழந்தவர் பந்தயத்தையும் இழப்பார், அதனால் கொஞ்சம் பிடியை விட்டுக்கொடுத்தாவது ஸ்டீயரிங்கை லேசாக்குங்கள் என்பது என் கருத்து. அலாஸ்காவில் 1984 முதல் நடக்கும் அயர்ன் டாக் மாதிரி, உறைந்த ஆறுகளின் மேல் நாள் கணக்கில் ஓடும் பந்தயத்தில் இது இன்னும் பெரிய விஷயம்.

அறிகுறி: வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது

இரண்டு ஸ்கி ஷாக்கிலும் ஸ்பிரிங்கின் நீளத்தை டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று இறுகியிருந்தால் அந்தப் பக்கக் கார்பைடு அதிகம் கவ்வும். இரண்டும் சமம் என்றால் ஸ்பிண்டிலையும், அதை வண்டியோடு இணைக்கும் ஏ ஆர்மையும் பாருங்கள். கடைசியாக எங்கே மோதினீர்கள் என்று நினைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று தெரிந்துவிடும். பின்னால் நின்று இரண்டு ஸ்பிண்டிலும் ஒரே சாய்வில் நிற்கின்றனவா என்று பார்ப்பதும் நல்லது. வளைந்த ஸ்பிண்டிலைத் தட்டி நிமிர்த்தி ஓட்டாதீர்கள். புதுசு போடுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது.

அறிகுறி: புதுப்பனியில் மூக்கு புதைகிறது

ஸ்கியின் அகலம் போதவில்லை. ஸ்கி டூ என்ற ஸ்னோமொபைல் பிராண்டின் பைலட் ஸ்கிகளில் 5.7, 6.9 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அங்குலத்தில் அகலம். பாதை இறுகியிருந்தால் குறுகலானது சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆழமான பனியில் அகலமானது மிதக்கும். வயோமிங்கின் ஜாக்சனில் ஸ்னோ கிங் மலையில் ஏறும் பந்தயத்துக்குப் போகிறவரும் ஸ்னோகிராஸ் ஓட்டுகிறவரும் ஒரே ஸ்கியைக் கேட்கக் கூடாது. இரண்டையும் ஓட்டுவேன் என்றால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், நடுத்தரமாக ஒன்றை வாங்கி இரண்டிலும் அவதிப்பட வேண்டாம்.

அகலமான ஸ்கி போட்டும் புதைகிறதா? ஸ்கியின் அடியைப் பாருங்கள். சூடான ஷெட்டிலிருந்து வண்டியை நேராகப் பனியில் இறக்கினால் ஸ்கியின் சூட்டில் அடியில் பனி உருகி, அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். வழுக்க வேண்டிய அடி சொரசொரவென்று ஆகிவிடும். ஓட்டத்துக்கு முன்னால் வண்டியை வெளியே நிறுத்தி ஸ்கியைக் குளிர விடுங்கள். பிளாஸ்டிக்கில் கல் கீறிய பிசிறுகள் இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: கார்பைடு சீக்கிரம் தேய்கிறது, உடைகிறது, ரன்னர் ஆடுகிறது

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட்டுக்குத் திரும்பிப் போங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்தால் வண்டியைத் தார்ரோட்டிலும் கற்பாதையிலும் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். பந்தய இடத்தில் டிரெய்லரிலிருந்து தொடக்கக் கோடு வரை ஸ்கிக்கு அடியில் சக்கரம் வைத்துத் தள்ளிப் போங்கள்.

ரன்னர் ஆடினால் மேலே இருக்கும் நட்டுகளைப் பாருங்கள். புது ரன்னர் மாட்டி முதல் ஓட்டம் முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை முறுக்க வேண்டும். கம்பி பள்ளத்தில் படிந்து உட்காரும்போது நட்டு தளரும். நைலான் வளையம் உள்ள நட்டைப் பலமுறை கழற்றி மாட்டியிருந்தால் அதன் பிடி போயிருக்கும், புதுசு போடுங்கள்.

ஐஸ் ஓவலுக்குப் போகிறவர்களுக்கு

ஐஸ் ஓவல் என்பது பனிக்கட்டியால் ஆன நீள்வட்டப் பந்தயப் பாதை. மேலே சொன்ன பாதி விஷயங்கள் இங்கே மாறிவிடும். விஸ்கான்சினின் ஈகிள் ரிவரில் 1964 முதல் நடக்கும் உலக சாம்பியன்ஷிப் டெர்பி அரை மைல் ஐஸ் ஓவலில் நடப்பது. மிச்சிகனின் சூ செயின்ட் மேரி ஊரில் நடக்கும் ஐ-500 பந்தயம் ஒரு மைல் ஓவலில் 500 சுற்று. இரண்டிலும் திருப்பம் இடப்பக்கம் மட்டுமே. திருப்பத்தில் இடது ஸ்கியைவிட வலது ஸ்கியில்தான் எடை அதிகம் விழும். அதனால் இடது வலது இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, ஸ்பிரிங்கையும் கார்பைடையும் பக்கத்துக்கு ஏற்ப வையுங்கள்.

கூர்மைதான் இங்கே எல்லாம். நகத்தைக் கார்பைடு விளிம்பில் லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். மெல்லிய சீவல் நகத்திலிருந்து வந்தால் கூர் இருக்கிறது. வழுக்கினால், கோணம் மாறாமல் பிடித்து வைக்கும் சட்டமான ஜிக்கில் வைத்துத் தீட்ட வேண்டும். கோணம் மாறாமல் தீட்டுவது முக்கியம். கையால் சும்மா கிரைண்டரில் காட்டினால் கூர் வந்த மாதிரி தெரியும், இரண்டாவது சுற்றில் போய்விடும். கிரைண்டரில் வைரக் கல் போடுங்கள்; சாதாரணக் கல் கார்பைடிடம் தோற்கும். தூசி மூச்சில் போகாமல் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்கியை வெட்டுவது, துளை போடுவது, நுனியை மாற்றுவது மாதிரி வேலைகளுக்கு முன் பந்தய அமைப்பின் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். பரிசோதனை மேஜையில் திருப்பி அனுப்பினால் அங்கே சரிசெய்ய நேரம் இருக்காது.

மாற்றும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, வெப்பநிலை, பனி எப்படி இருந்தது, லிமிட்டர் எத்தனையாவது துளை, கார்பைடு எத்தனை அங்குலம், ஓட்டியவர் என்ன சொன்னார். என் நோட்டில் கிரீஸ் கறை படாத பக்கமே கிடையாது. காலையில் மைனஸ் 20, மதியம் வெயில் ஏறிப் பாதை இளகுகிறது என்றால், போன தடவை இதே நிலையில் எந்தத் துளையில் வைத்தோம் என்பதை அந்தப் பக்கத்தைப் புரட்டித்தான் பார்க்கிறேன்.